கடைசி வண்டி

மண்ணில் பைக் ஓட்டுவதற்கான பூங்காவின் கேட்டைத் தாண்டியதும் முதல் வேலை, டயரிலிருந்து காற்றைப் பிடுங்குவது. நெடுஞ்சாலையில் 25-க்கும் 32-க்கும் இடையில் பிஎஸ்ஐ வைத்து ஓட்டி வந்த சக்கரங்கள் 18-க்கோ 16-க்கோ இறங்குகின்றன. வரிசையாக நிற்கும் பத்துப் பன்னிரண்டு வண்டிகளிலிருந்தும் புஸ்ஸென்று சத்தம். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், கல்லின் விளிம்பைத் தள்ளிவிடாமல் பற்றிக்கொள்ளும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் மோதி ரிம் நெளியும், உள்ளே இருக்கும் ட்யூப் இரண்டு பல் பதிந்தது போலக் கிழியும். அடுத்து பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றுகிறார்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான். "விழுந்தால்" என்று இங்கே யாரும் சொல்வதில்லை, "விழும்போது" என்றுதான் சொல்கிறார்கள்.

இடம், கோலார் வட்டாரம். சென்னையிலிருந்து சித்தூர், பலமனேர் வழியாக வந்தவர்கள் முல்பாகலில் தோசைக்கு நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். முல்பாகல் வரை வந்து தோசை சாப்பிடாமல் போகிறவர்களை நான் நம்புவதில்லை. ஓசூரிலிருந்து சிலர், பெங்களூரிலிருந்து சிலர், கோவையிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்த பெண் ஒருவர். சென்னைக் கூட்டத்தில் ஒரு பல் மருத்துவர், கல்லூரி படிக்கும் மகனை அழைத்து வந்த ஓர் அப்பா. வண்டிகளில் பெரும்பாலும் எக்ஸ்பல்ஸும் ஹிமாலயனும். நடுவில் ஒரு கேடிஎம் 390 அட்வென்ச்சர். ஓரத்தில், உற்பத்தி நின்று பல காலமாகியும் விடாமல் வைத்திருக்கும் ஒரு ஹீரோ இம்பல்ஸ்.

மண்பாதையில் ஓட்ட விரும்புகிறவர்களுக்குக் கோலார் ஏன் பிடிக்கிறது என்பது மண்ணைப் பார்த்தாலே புரியும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை, வெயிலும் மழையும் தின்று தின்று உருண்டைகளாகிக் கிடக்கிறது. அவற்றுக்கிடையே செம்மண், முள், தைல மரங்கள், கோடையில் வற்றும் ஏரி. தமிழும் இங்கே அந்நியமில்லை. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த குடும்பங்கள், 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இங்கேயே தங்கிவிட்டன.

இந்த வட்டாரத்தைப் பைக் ஓட்டிகளின் வரைபடத்தில் ஏற்றியவர் சி.எஸ்.சந்தோஷ். பெங்களூர்க்காரர். 2015-இல், நெடுந்தூர மோட்டார் பந்தயமான டக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியர், அந்த ஆண்டு அவர் பிடித்தது 36-ஆம் இடம். அவர் கோலார் அருகே தொடங்கிய 'பிக் ராக் டர்ட்பார்க்'தான், மண்ணில் ஓட்டுவதைச் சொல்லிக்கொடுக்கவும் ஓட்டிப் பார்க்கவும் தனியாக ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தை நம் பக்கத்தில் பரப்பியது. அதன் பிறகு ஆங்காங்கே தனியார் தோட்டங்களிலும் தரிசுகளிலும் சிறிய பயிற்சித் தளங்கள் முளைத்தன.

இப்படியோர் இடம் ஏன் தேவைப்பட்டது? வண்டி வந்துவிட்டது, பாதை வரவில்லை. 2011-இல் ஹீரோ, இம்பல்ஸைக் கொண்டுவந்தபோது வாங்க ஆளில்லை. 2016-இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்து, நடுத்தரச் சம்பளக்காரரும் எட்டிப் பிடிக்கும் விலையில் 21 அங்குல முன்சக்கரத்தைக் கொடுத்தது. சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லிலும் குழியிலும் முட்டி நிற்காமல் உருண்டு ஏறிவிடும். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. விளம்பரத்தில் வண்டி மலையேறுகிறது, ஆற்றைக் கடக்கிறது, புழுதி கிளப்புகிறது. வாங்கியவர் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு அலுவலகம் போகிறார்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே மலையேறலாம் என்று கிளம்பினால் என்ன நடக்கும்? நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே சக்கரம் வைத்தாலே குற்றம். 2018-இல் குரங்கணித் தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, நடந்து போகிறவர்களுக்கே விதிகள் இறுகிவிட்டன. இன்ஜினோடு போகிறவரை வனத்துறை ஏன் விட வேண்டும்? விடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். யானைத் தடத்தில் சைலன்சர் சத்தத்துக்கு வேலையில்லை. காடு வேண்டாமென்று கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்னொரு ரகம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் சென்னைக் கரையில், மணலில் சறுக்கி வட்டம் போட்டு அதைக் காணொளியாகப் போடுகிறார்கள். வீரம் என்று நினைக்கிறார்கள் போலும். வற்றிய ஏரி யாருடையதும் இல்லை என்று இறங்குகிறவர்களுக்கு, அங்கே ஆடு மேய்ப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

அதனால்தான் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் ஒரு வேலிக்குள் ஓட்டுவதில் எனக்கு எந்த ஏளனமும் இல்லை. "சுற்றி வேலி போட்ட சாகசமா?" என்று சாலைப் பயணக்காரர்கள் சிரிப்பார்கள். வேலி இருப்பதால்தான் உள்ளே விழ முடிகிறது.

முன்னேற்பாட்டுப் பேச்சு சுருக்கமாக முடிகிறது. பயிற்சியாளர் கவசங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கை, முழங்கால். பூட்ஸிடம்தான் அதிக நேரம் நிற்கிறார். கணுக்காலை அசையவிடாத விறைப்பான மோட்டோகிராஸ் பூட்ஸ், ஒரு சோடிக்குக் கொடுக்கும் விலையில் நல்ல கைபேசி வாங்கலாம். பலரும் இதில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். 150 கிலோவுக்கு மேலுள்ள வண்டி சாய்ந்து கால்மேல் விழும்போது மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பொறுப்புத் துறப்புக் கடிதத்தில் எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு இல்லை என்றொரு வரி இருப்பதையும் அப்படித்தான் யாரும் படித்ததில்லை.

பிறகு இரண்டு பேரைக் காட்டுகிறார். முன்னால் போகிறவர் லீட். அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியாக வருகிறவர் ஸ்வீப். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. "நடுவுல நீங்க எப்படி வேணா மாறிக்கங்க. இந்த ரெண்டு பேரும் மாற மாட்டாங்க."

காலையில் வெகுநேரம் பாதையில் இறங்க விடவில்லை. சமதளத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள், அதுவும் நின்றுகொண்டு. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலால் டாங்கை அணைத்து, முழங்கையை அகல விரித்து, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைத்து ஓட்ட வேண்டும். நின்றால் உடம்பின் பாரம் சீட்டிலிருந்து இறங்கிக் கால்மிதிக்குப் போகிறது. வண்டி இடுப்புக்குக் கீழே தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறது, தலை ஆடுவதில்லை. மகன் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டான். சாலையில் இருபது வருடம் ஓட்டிய அப்பாவுக்கு அந்த இருபது வருடமே எதிரி. கல்லைப் பார்த்தால் அவர் கை கைப்பிடியை இறுக்குகிறது, உடம்பு உட்காரப் பார்க்கிறது, கண் கல்லிலேயே நிற்கிறது. கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டி போகும். போயிற்று.

"கைப்பிடியைப் பிடிக்காதீங்க சார், சும்மா தொட்டுக்கிட்டு இருங்க. அது ஆடத்தான் செய்யும்."

"விட்டுடுமே?"

"விடாது. நீங்க விடாம இருக்கிறதாலதான் விழறீங்க."

மெதுவாகப் போவதுதான் கடினம் என்பது இங்கே வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அதிர்ச்சி. வேகத்தில் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். நடக்கிற வேகத்தில், இரண்டு விரலால் கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, வலது கையால் துளித்துளியாக ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது ஓட்டுகிறவரின் வேலை. எட்டின் குறுகலான வளைவில் ஒருவர் மாற்றி ஒருவர் சாய்ந்தார்கள். விழுந்த வண்டியைத் தூக்குவதும் ஒரு பாடம். குனிந்து கையால் இழுத்தால் இடுப்பு போய்விடும். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, கைப்பிடியை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலால் பின்னோக்கி நடந்தபடி நிமிர்த்த வேண்டும். கோவைப் பெண் அந்தக் கூட்டத்திலேயே மெலிந்தவர். 200 கிலோவை நெருங்கும் ஹிமாலயனை இப்படித் தூக்கி நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அதுவரை "அக்கா, நாங்க வேணா..." என்று சுற்றிச் சுற்றி வந்த பெங்களூர் இளைஞர்கள் அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

பத்து மணிக்குமேல் பாதையில் இறங்கியது கூட்டம். ஒரு குழு எப்படிக் குழுவாக இருக்கிறது என்பதைக் காட்டும் அருமையான ஏற்பாடு ஒன்று இங்கே நடந்தது. மண்பாதையில் நெருங்கிப் போக முடியாது. முன்வண்டி கிளப்பும் புழுதியில் பின்வண்டிக்குக் கண் தெரியாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். இடைவெளி விட்டால், பாதை பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவது? கைபேசி, வாக்கி-டாக்கி எதுவும் வேண்டாம். லீட் பிரியும் இடத்தை அடைந்ததும் தனக்கு அடுத்து வருகிறவரை அங்கே நிறுத்திவிட்டுப் போகிறார். நின்றவர் கையைக் காட்டி மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஸ்வீப் வந்து சேர்ந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். அடுத்த பிரிவில், லீடுக்கு அடுத்து யார் இருக்கிறாரோ அவர் நிற்க வேண்டும். அப்போதுவரை முன்னால் பறந்துகொண்டிருந்தவர் இப்போது கடைசிக்கு முந்தி. மெதுவாக வந்தவர் யாரும் துரத்தாமலே முன்னுக்கு நகர்கிறார். வேகக்காரர்களை அடக்க யாரும் குரல் உயர்த்த வேண்டியதில்லை, முறையே அவர்களை இறக்கிவிடுகிறது.

மகன் நின்ற இடம் ஒரு வேப்பமரத்தடி. ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கையைக் காட்டினான். பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போகத் துடித்தது தெரிந்தது, ஆனால் போகக் கூடாது. அவன் போய்விட்டால் பின்னால் வருகிறவர் தவறான பக்கம் திரும்புவார். வர வேண்டியவர் அவன் அப்பா. கடைசியில் இன்ஜின் சத்தம் கேட்டது. நின்றபடி, முழங்கையை அகட்டி, முகமெல்லாம் செம்மண்ணாக வந்தவரைப் பார்த்து, "அப்பா, ரைட்டு! நிக்காதீங்க, அப்படியே வாங்க!" என்று கத்தினான். அவர் நிற்கவில்லை. வீட்டில் இந்த இருவருக்குள் யார் யாருக்காகக் காத்திருப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியாது.

பல் மருத்துவரின் சோதனை செம்மண் மேட்டில் வந்தது. பெரிய மேடில்லை, இரண்டு மாடி உயரம். முக்கால்வாசி ஏறியவர் நடுவே பயந்து ஆக்சிலேட்டரைக் குறைத்தார். வண்டி முக்கி நின்றது. சாலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கிளட்ச்சைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்தினார். வண்டி பின்னோக்கிச் சறுக்கத் தொடங்கியது. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்விடும்; முன்சக்கரம் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பூட்டினால் பூட்டிய சக்கரம் அப்படியே கீழே வழுக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. கிளட்ச்சைத் தொடவே கூடாது. இன்ஜின் கியரிலேயே அணைந்தால் பின்சக்கரத்தை இன்ஜினே கட்டிப் போட்டுவிடும், ஏறக்குறைய கைப்பிரேக் மாதிரி. பிறகு மேட்டின் மேல்பக்கமாக வண்டியைப் படுக்க வைத்து, பின்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றி, முகத்தைக் கீழே திருப்பி, நிமிர்த்தி, முதல் கியரில் இன்ஜினின் இழுவையிலேயே இறங்கி வர வேண்டும்.

இதையெல்லாம் அவர் அப்போது யோசிக்கவில்லை. வண்டி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம் விழுந்தார்கள்.

ஸ்வீப் மேலே ஏறி வந்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர், நாற்பத்தைந்து வயது இருக்கும். வண்டியைப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "விரலை மடக்குங்க டாக்டர். தோளைத் தூக்குங்க. இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். கிழமை சரியாக வந்த பிறகுதான் வண்டி பக்கம் திரும்பினார். இந்த விளையாட்டில் அதிகம் உடைவது காறை எலும்பும் மணிக்கட்டும். தலையில் பட்ட அடி வெளியே தெரியாது, கிழமையைக் கேட்டால் கொஞ்சம் தெரியும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் டக்காரின் நான்காம் கட்டத்தில் சந்தோஷே விழுந்தார். தலையில் அடி, மருத்துவர்கள் அவரை மருந்து மயக்கத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. பிழைத்து மீண்டார். அந்தச் சில நாள்கள் இங்கே பலரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அதே டக்காரில்தான் ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 20-ஆம் இடத்தைப் பிடித்தார். 2024-இல் அவர் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம், ரேலி-2 பிரிவில் முதலிடம். அவருடைய வண்டிக்குப் பின்னால் இருந்த டிவிஎஸ் அணி ஓசூர்க்காரர்களுடையது என்பதில் நம் ஸ்வீப்புக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமை.

டாக்டர் வண்டியில் கிளட்ச் லீவர் பாதியாக முறிந்திருந்தது. ஸ்வீப்பின் முதுகுப்பையில் அதற்கும் மருந்திருந்தது. லீவர் ஒரு சோடி, ட்யூப், டயர் கழற்றும் இரும்பு, பம்பு, ஒயர் கட்டும் டேக், வண்டியை இழுக்கப் பட்டைக் கயிறு, உப்புச் சர்க்கரைப் பொடி, பிறகு எம்-சீல். இன்ஜின் அடிப்பக்கம் கல்லில் மோதி விரிசல் விட்டு ஆயில் ஒழுகினால், துடைத்துவிட்டு அதைப் பிசைந்து அப்பினால் வீடு போய்ச் சேரலாம். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கியதில் மிச்சம் என்றார்.

"நீங்க ஏண்ணா எப்பவும் ஸ்வீப்?" என்று கேட்டேன். "உங்களால அந்தப் பசங்களை விடப் பாஸ்ட்டா போக முடியும்தானே?"

"முடியும். லீடுக்குப் பாதை தெரிஞ்சா போதும். ஸ்வீப்புக்கு ஆளைத் தெரியணும். யாரு வலிச்சாலும் சொல்ல மாட்டான், யாரு தண்ணி குடிக்காம ஓட்டுறான், யாரு பயந்துட்டான்னு பின்னால இருந்து பார்த்தாத் தெரியும். அந்த டாக்டருக்குக் காலையில இருந்தே தோள் இறுகிக் கிடந்துச்சு. மேட்டுல நிப்பாருன்னு தெரியும்."

தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றியது. டாக்டர் அதற்குள் மீண்டும் மேட்டடிக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஸ்வீப் ஒன்றும் சொல்லாமல் பாதி மேட்டில் போய் நின்றார், விழுந்தால் பிடிக்கத் தோதான பக்கமாக. மற்றவர்கள் மேலே உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இந்த முறை ஆக்சிலேட்டர் குறையவில்லை. உச்சியில் கொஞ்சம் அதிகமாகவே பறந்து, மறுபக்கத்துப் புதரில் போய் நின்றார். கைதட்டல்.

சாலைப் பயணக் குழுக்கள் பலவற்றோடு நான் போயிருக்கிறேன். அங்கே மரியாதை முன்வரிசைக்கு. கடைசியில் வருகிறவர் சுமை. அவருக்காகப் பெட்ரோல் பங்கில் நிற்பதை முணுமுணுப்போடு செய்வார்கள். இங்கே ஒரு நாள் முழுதும் பார்த்ததில், ஏற்பாடு முழுக்கக் கடைசி வண்டியை வைத்தே போடப்பட்டிருக்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த மேட்டை விட்டுவிட்டுச் சுற்றிப் போவது, எப்போது நிழலில் நிற்பது, எல்லாம் அந்த வண்டிதான் முடிவு செய்கிறது. இதைக் கருணை என்று சொல்ல மாட்டேன். பாதையில் ஒருவர் கிடந்தால் யாரோ ஒருவர் திரும்பி வரத்தான் வேண்டும், அதைத் தற்செயலுக்கு விட முடியாது என்பதிலிருந்து பிறந்த கணக்கு. கணக்காகத் தொடங்கியது பழகப் பழகப் பண்பாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

மதியம் ராகி முத்தே, கீரைச் சாறு. சாப்பிட்டதும் யாருக்கும் கை மேலே எழவில்லை. முன்கை இறுகி விரல் மடங்காது. இதற்கு ஆர்ம் பம்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு அதிகம், தொட்டுக்கொண்டு ஓட்டியவர்களுக்குக் குறைவு. அப்பாவால் டம்ளரைத் தூக்க முடியவில்லை, மகன் எடுத்துக் கொடுத்தான். பின்மதியம் பாறைகளுக்கிடையே ஒரு சிறிய சுற்று, வெயில் தாழும்முன் நிறுத்திவிட்டார்கள். விபத்துகளில் பாதி "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்பதில்தான் நடக்கிறது என்று பயிற்சியாளர் அடித்துச் சொன்னார். இதற்கு அவரிடம் புள்ளிவிவரம் ஏதுமில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

பழையபடி டயரில் காற்று நிரப்பி, கண்ணாடி மாட்டி, செயினில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த மாத ரைடுக்குப் பேச்சு ஓடியது. லீட் போக நான்கைந்து கைகள் எழுந்தன. ஸ்வீப்புக்கு வழக்கம்போல எல்லோரும் ஓசூர்க்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த ஞாயிறு ஷிஃப்ட்.

"நான் வர்றேனுங்க கடைசியில" என்றார் கோவைப் பெண்.

பெங்களூர் இளைஞர் ஒருவர், "அக்கா, எங்களையெல்லாம் நீங்களா தூக்குவீங்க?" என்றார்.

"வண்டியத் தூக்கிருவேன். நீ உன்னயத் தூக்கிக்கோ."

ஓசூர்க்காரர் முதுகுப்பையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். "லீவர் ஒரு சோடி புதுசு போடோணும், டாக்டருக்குக் குடுத்துட்டீங்க. பம்பு சரி, ட்யூப் சரி." எம்-சீலை எடுத்து விரலால் அழுத்தினார். "இதென்னுங்கண்ணா, கல்லாட்டம் ஆகிப் போச்சு! எப்ப வாங்குனீங்க?"

"நம்ம வண்டி எதுக்கும் இதுவரைக்கும் அடி ஓட்டை விழல, தெரியுமா" என்றார் அவர், கொஞ்சம் ரோஷமாக.

"அதெல்லாம் சரிங்க. நான் வேற வாங்கிக்கிறேன்."